எருவும் உடைமையும்: ஓசார்க் மேய்ச்சல் நிலங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே மீளக் கொடுத்தல் வேளாண்மையின் பழைய நியதியாகும். விளைபொருள் நகரத்துக்குச் சென்று எருவாகத் திரும்பாதபோது, மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட் பரிமாற்றம் குலைகிறது. லீபிக்கின் விவசாய இரசாயன ஆய்வுகளைக் கற்ற மார்க்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் இதனை விளக்கினார். அக்காலத்தில் பிரித்தானிய வயல்களுக்காகப் பெருவின் சின்ச்சாத் தீவுகளிலிருந்து கடற்பறவைகளின் எச்சம் கப்பலேறிற்று. அதனை வெட்டியெடுத்தோருட் பலர் ஒப்பந்தக் கூலிகளான சீனர். அன்று எருப் பஞ்சமாகத் தோன்றிய முரண்பாடு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எருப் பெருக்கமாக வெளிப்பட்டது. அதற்குத் தக்க சான்றொன்றை ஐக்கிய அமெரிக்காவில் நாம் காணலாம்.

ஆர்கன்சோ, ஒக்லஹோமா மாநிலங்களிற் பரந்துள்ள ஓசார்க் மேட்டுநிலத்தின் மண் பெரிதும் மெல்லியது, வளங்குன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கு இறைச்சிக் கோழி வளர்ப்புப் பெருந்தொழிலாயிற்று. கொட்டகையில் விரித்த மரச்சீவலும் உமியும் எச்சமும் கலந்த எருவை விவசாயிகள் புற்றரைகளில் இட்டனர். புல் செழித்தது, மாடுகள் பெருகின. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின், புல்லின் நைதரசன் தேவையைக் கணக்கிட்டு இவ்வெருவை இடும்போது, தேவைக்கு மிஞ்சிய பொசுபரசு நிலத்திற் சேர்கிறது. எருவோ பாரமானது, தொலைவுக்கு ஏற்றிச் செல்லச் செலவு மிகும். எனவே அது அண்மையிலுள்ள நிலங்களிலேயே ஆண்டுதோறும் குவிந்தது. மழைநீர் பொசுபரசை இலினோய் ஆற்றுக்கும், அது சேரும் ரென்கில்லர் ஏரிக்கும் கொண்டுசென்றது. பாசி பெருகியது, நீர் கெட்டது.

இதனை விவசாயியின் அறியாமை என்று கொள்வது மேலோட்டமான பார்வையாகும். உற்பத்தி உறவுகளை நோக்குவோமாயின் உண்மை புலப்படும். ஒப்பந்த முறையிற் கோழியும் தீவனமும் கம்பனியின் உடைமை. கொட்டகையும் அதற்குப் பெற்ற கடனும் விவசாயிக்குரியவை. எருவும் அவனுக்கே விடப்பட்டது. இலாபந் தருவது ஒருவர் உடைமை. எஞ்சுவது மற்றவர் பொறுப்பு.

2005இல் ஒக்லஹோமா மாநிலம் கோழிக் கம்பனிகள்மீது வழக்குத் தொடுத்தது. எரு தமதன்று என்ற வகையிலேயே அவை வாதிட்டன. 2023 சனவரியில் வெளியான கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்போ அவற்றையே பொறுப்பாளிகளாக்கியது. பதினெட்டு ஆண்டுகள் கழிந்து கிடைத்த இத்தீர்ப்பு, எருவைக் கோழியிலிருந்து பிரித்த உடைமைக் கணக்கின் போலித்தன்மையை உணர்த்துகிறது.

எரு தன்னளவில் நஞ்சன்று. எவரது தேவைக்காக, எவ்வளவு, எங்கே அது குவிகிறது என்பதே வினா. அவ்வினாவுக்கான விடை மண்ணியலில் மட்டுமன்றிச் சமூக அமைப்பிலும் தங்கியுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.