எமிரேட்ஸ் அரங்கம்

வடக்கு லண்டனின் இஸ்லிங்டனில் உள்ள எமிரேட்ஸ் அரங்கம், ஆர்சனல் கால்பந்துக் கழகத்தின் சொந்த மைதானம். ஏறத்தாழ 39 கோடி பவுண்டு செலவில் கட்டப்பட்டு 2006 ஜூலையில் திறக்கப்பட்டது. 60,000 பேருக்கு மேல் அமரலாம். அதற்கு முன் 93 ஆண்டுகள் கழகத்தின் இருப்பிடமாக இருந்த ஹைபரியில் சுமார் 38,000 பேருக்குத்தான் இடம். சுற்றிலும் வீடுகள், கிழக்கு அரங்கோ சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் விரிவாக்க வழியில்லை. வெம்ப்ளி அரங்கத்துக்குப் போகும் யோசனைகூட இருந்தது. கடைசியில் தேர்ந்தெடுத்தது, ஹைபரியிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில், குப்பை கையாளும் நிலையம் இயங்கிய ஆஷ்பர்ட்டன் குரோவ். புதிய அரங்கம் வீடாக நிலைத்ததற்குக் கட்டடத்தின் அழகைவிட இந்த அரை கிலோமீட்டரே பெரிய காரணம் என்று சொல்ல இடமிருக்கிறது.

இடம் மாறியும் ரசிகர்களின் பாதை மாறவில்லை. 1932-இல் கழகத்தின் பெயரைப் பெற்ற ஆர்சனல் சுரங்க ரயில் நிலையத்தில்தான் இன்றும் பலர் இறங்குகிறார்கள். அதன் நடைமேடைச் சுவர் ஓடுகளில் கில்லெஸ்பி ரோடு என்ற பழைய பெயர் அப்படியே இருக்கிறது. மேலே ஏறும் குறுகிய நடைபாதையில் ஆட்ட நாள் கூட்டத்தைப் பிரித்துவிடத் தடுப்பும் உண்டு. அங்கிருந்து அதே தெருக்கள், அதே மதுக்கடைகள். 2016-இல் தன் பழைய மைதானமான அப்டன் பார்க்கை விட்டு ஒலிம்பிக் அரங்கத்துக்குக் குத்தகைக்குப் போன மற்றொரு லண்டன் கழகமான வெஸ்ட் ஹாமுக்கு இது வாய்க்கவில்லை. தடகளத்துக்காகக் கட்டிய அந்த அரங்கில் பார்வையாளருக்கும் புல்தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி குறித்து ரசிகர்களின் புகார் இன்னும் ஓயவில்லை.

அருகில் இருந்தால் போதுமென்றால் தொடக்க ஆண்டுகளில் எமிரேட்ஸ் ஏன் களையிழந்து கிடந்தது? கேள்வி நியாயமானது. நடு அடுக்கில் சுமார் 7,000 உயர்விலை இருக்கைகளும் அதற்கு மேலே 150 தனியறைகளும். சுவர்களில் கழகத்தின் சுவடே இல்லை. 2009 முதல் கழகம் இதைச் சரிசெய்ய முனைந்தது: நார்த் பேங்க், கிளாக் எண்ட் என்ற ஹைபரியின் பார்வையாளர் பகுதிப் பெயர்கள் திரும்பின, 2011-இல் முன்னாள் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், முன்னாள் வீரர்கள் டோனி ஆடம்ஸ், தியரி ஆன்றி ஆகியோருக்குச் சிலைகள் எழுந்தன. இது வெறும் ஒப்பனை என்றவர்கள் பாதி சரி. சிலை பாடாது.

வெற்றிதான் வீட்டை உண்டாக்குகிறது, 2005 முதல் 2014 வரை கோப்பை இல்லாததே குறை என்பது இன்னொரு வாதம். ஆனால் கோப்பைகள் குவிந்த காலத்திலேயே ஹைபரியை எதிரணியினர் சத்தமில்லாத நூலகம் என்று கேலி செய்தார்கள். அருகாமை வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு, ஹைபரியே கழகம் இடம்பெயர்ந்து வந்த இடம் என்பது: 1913-இல் கழகம் தேம்ஸுக்குத் தெற்கே பிளம்ஸ்டெட்டிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்தது. தூரம் தடையில்லை என்று அதை வைத்து வாதிடலாம்தான். ஆனால் அப்போது கழகம் கடனில் தத்தளித்தது, பார்வையாளரும் குறைவு. வடக்கில் புதிய கூட்டத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது, முதல் லீக் பட்டமே 1931-இல்தான். 2006-இல் கூட்டத்தைத் தேட வேண்டிய நிலை இல்லை.

இந்த வீடு ஆண்கள் அணிக்கு மட்டுமானதல்ல: நீண்ட காலம் லண்டன் எல்லைக்கு வெளியே போரம்வுட்டின் சிறு மைதானத்தில் ஆடிய பெண்கள் அணியும் இப்போது பெரும்பாலும் இங்கேதான் ஆடுகிறது. 2024 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான அவர்களின் ஆட்டத்தைக் காண 60,160 பேர் வந்தார்கள்.