ஏடு காத்தலும் எண்முறை காத்தலும்

ஆவணத்தை இழந்த சமூகம் தன் உரிமையையும் இழக்கும். தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விடுவதைப் புண்ணியமென்று கருதிய மடமை நம்மிடையே இருந்ததன்றோ? கரையானுக்கும் நெருப்புக்கும் தப்பியவற்றையும் நாமே நீரில் இட்டோம்.

அம்மடமையினும் கொடிது, எழுதாமலே விட்டுவிடுதல். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சயாம் - பர்மா இரயில் பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள. மாண்ட தமிழரின் தொகையையோ இன்றளவும் ஒருவரும் அறுதியிட்டுரைக்க இயலவில்லை. காரணம் யாதெனில், அவர்களுக்கு முறையான பெயர்ப்பதிவு இருந்ததில்லை. செக்ரோலில் கூலிக் கணக்குக்காக எழுதப்பட்ட பெயர், சாவுக் கணக்கில் எழுதப்படவில்லை.

நிற்க, சிங்கப்பூர் 1967 இல் ஆவணக் காப்பகத்திற்கென்று ஒரு சட்டம் இயற்றிற்று. மறு ஆண்டில் தேசிய ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது. 1979 இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கிற்று. 1997 இல் காப்பகம் கானிங் ரைஸுக்குக் குடியேறியது. 2012 முதல் அது தேசிய நூலக வாரியத்தின் கீழ் இயங்கி வருகின்றது. 1935 இல் தோன்றிய ‘தமிழ் முரசின்’ பழைய இதழ்களை அவ்வாரியத்தின் எண்முறைத் திரட்டில் இன்று யாவரும் வாசிக்கலாம். இது நாம் மகிழத்தக்கதே.

ஆயினும், கணினியில் ஏற்றிவிட்டால் எல்லாம் நிலைத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. இங்கிலாந்தில் 1086 இல் தோலில் எழுதப்பட்ட நிலக்கணக்கு இன்றும் படிக்கும் நிலையில் இருக்கின்றது. அதன் 900 ஆம் ஆண்டு நினைவாக 1986 இல் பி.பி.சி. நிறுவனத்தார் நாட்டு விவரங்களைத் திரட்டி லேசர்த் தட்டுகளில் பதிந்தனர். பதினைந்தாண்டுகள் கழிவதற்குள், அத்தட்டுகளைப் படிக்கும் இயந்திரங்களே அரிதாகிவிட்டன. அறிஞர் பலர் அரும்பாடுபட்டே அவற்றை மீட்டனர்.

தமிழுக்கு இவ்வபாயம் இரட்டிப்பாக நேர்ந்தது. தொடக்கத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமிழெழுத்துக்களுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்க முற்பட்ட முன்னோடிகளுள் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி ஒருவர். 1995 இல் தமிழை இணையத்தில் ஏற்றிய பெருமை அவருக்குண்டு. 1999 இல் அவர் மறைந்தார். அவர் பணியாற்றிய தேசிய கல்விக் கழகம் 2000 இல் ஜூரோங்கிலுள்ள நன்யாங் வளாகத்திற்கு இடம் பெயர்ந்தது.

ஆதலின், எண்முறை ஆவணங்களைக் காப்பது தனியொரு தொழில். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு கோப்பினின்றும் கணக்கிட்டு எடுக்கப்படும் ஓர் எண் உண்டு. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். திருத்தமும் பழுதும் வெளிப்படும். படிகளை ஓரிடத்தில் மட்டும் வையாது பலவிடங்களில் வைத்தல், பழைய வடிவத்தைக் காலமறிந்து புதிய வடிவத்திற்கு மாற்றுதல், எவர் எப்போது எழுதினார் என்னும் குறிப்பைக் கோப்போடு பிணைத்தல் ஆகியனவும் காப்பாளர் கற்க வேண்டியவை. விண்வெளி ஆராய்ச்சித் துறையார் வகுத்த முறையொன்று 2003 இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. இந்திய அரசும் ஆவணக் காப்பாளர்க்கென 1976 இல் ஒரு பயிற்சி நிலையம் அமைத்தது. ஜூரோங்கில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1993 முதல் தகவலியலில் முதுநிலைக் கல்வி அளிக்கத் தலைப்பட்டது.

அவ்வளாகத்தின் வரலாறே நமக்கு ஒரு பாடம். 1956 இல் வகுப்புகள் தொடங்கிய நன்யாங் பல்கலைக்கழகம், சீன மக்கள் திரட்டிய பொருளால் அங்கு எழுந்தது. செல்வர் மட்டுமா கொடுத்தனர்? டிரைஷா ஓட்டிகளும் தம் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தனர்.

நம்மவரும் சும்மா இருந்துவிடவில்லை. சிங்கப்பூர் விடுதலையின் ஐம்பதாண்டுத் தமிழிலக்கியத்தைத் தொண்டர்கள் திரட்ட, நூலக வாரியம் 2015 இல் எண்முறையில் வெளியிட்டது. எனினும் அரசாங்கக் காப்பகத்தில் தமிழ்ப் பெயரைப் பிழையின்றிப் பதியவும், தமிழ்க் கையெழுத்தைப் படித்து வகைப்படுத்தவும் தமிழறிந்த காப்பாளர் வேண்டும். ஒரு பெயர் தவறாகப் பதியப்பட்டால், தேடும் பேரனுக்குப் பாட்டன் அகப்படான்.

மருத்துவமும் சட்டமும் மட்டுமே படிப்பென்று எண்ணும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக. நம் இளைஞர், ஆணும் பெண்ணுமாய், இத்தொழிலைக் கற்க முன்வருதல் வேண்டும். சங்கங்களும் கோயில்களும் தங்கள் கூட்டக் குறிப்பேடுகளையும் பழம் படங்களையும் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போடாமல் காப்பகத்தாரிடம் காட்டி யோசனை கேட்டல் வேண்டும். ஆற்றில் விட்ட ஏடுகள் போயின. கையிலிருப்பவற்றையேனும் காப்போமாக.