கடைத்தெருவில் வாங்கிய காட்டு விலங்கு: லண்டன் வீடுகளின் ஒரு வரலாறு

லண்டன் மாநகரத்தில் பெருவிலங்குகளை வளர்க்கும் ஆசை முதலில் அரண்மனைக்கே உரியதாக இருந்தது. துறைமுகக் கடைத்தெருவில் அவற்றுக்கு விலை ஏற்பட்ட பிறகுதான் அது குடும்ப வீடுகளின் வாசற்படியைத் தாண்டியது. 13ஆம் நூற்றாண்டில் அரசர் மூன்றாம் ஹென்றிக்கு நார்வேயிலிருந்து வந்த வெண்கரடி, நீண்ட சங்கிலியோடு தேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்க விடப்பட்டது. அதன் வாய்ப்பூட்டுக்கும் சங்கிலிக்கும் ஆகும் செலவை நகரத்து ஷெரிஃபுகள், அதாவது அரசரின் சார்பில் வரியையும் காவலையும் கவனித்த அதிகாரிகள், ஏற்க வேண்டும் என்று 1252இல் ஆணை பிறந்தது. 1255இல் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி அனுப்பிய யானைக்கு லண்டன் கோபுரக் கோட்டைக்குள் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட கொட்டில் எழுப்பப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் யானை இறந்துபோயிற்று. தாங்க முடியாத செலவை யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சொல்லும் தமிழ் வழக்கின் பொருளை அந்த நகரம் அன்றே அறிந்துகொண்டது என்றாலும், அரசரின் பொருளாக இருந்தவரை அந்தச் சுமை நகரத்தின் மீது விழுந்ததேயன்றி வளர்த்தவர் மீது விழவில்லை.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் கப்பல்கள் வந்து நின்ற லண்டன் துறைமுகத்தை ஒட்டி, ராட்கிளிஃப் நெடுஞ்சாலை என்ற தெரு இருந்தது. அங்கே சார்லஸ் ஜாம்ராக் என்ற வணிகர் விலங்குக் கடை ஒன்றை நடத்திவந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து வந்த இக்குடும்பத்தின் தொழில்முறை எளியது: மாலுமிகள் தங்கள் சொந்தக் கணக்கில் கொண்டுவந்த கிளி, குரங்கு முதலியவற்றைக் கப்பல் கரை சேர்ந்தவுடனேயே பேரம் பேசி வாங்குவது, பெரிய விலங்குகளுக்கு வெளிநாட்டு முகவர்களை அமர்த்துவது, வாங்கியதை விலங்குக் காட்சிசாலைகளுக்கும் சர்க்கஸ்காரர்களுக்கும் வசதி படைத்த வீட்டினருக்கும் விற்பது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு ஆசியாவிலிருந்து வரும் கடல் வழி சுருங்கியபோது, வழியிலேயே இறந்துபோகாமல் உயிரோடு வந்து சேரும் வாய்ப்பும் கூடியது.

அக்கடை எத்தகைய பொருளை விற்றது என்பதைத் தெருவே ஒருமுறை நேரில் கண்டது. 1857 அக்டோபரில் கப்பலிலிருந்து வந்திறங்கிய புலி ஒன்று கூண்டின் பின்பலகையை உடைத்துக்கொண்டு தெருவில் இறங்கியது; புலியென்று அறியாத எட்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், பெரிய பூனையைத் தடவுவது போலக் கையை நீட்ட, அது அவனை வாயில் கவ்விக்கொண்டு நடந்தது. ஜாம்ராக் ஓடிச்சென்று பின்னாலிருந்து அதன் கழுத்தை இரு கைகளாலும் பற்றி நெரித்தார். கடையாள் கொண்டுவந்த இரும்புக் கடப்பாரையின் அடி விழுந்த பிறகே அது பிள்ளையை விட்டது. சிறுவன் பிழைத்துக்கொண்டான். வழக்கு நடந்து ஜாம்ராக் இழப்பீடு தர நேர்ந்தது. ஆனால் அந்தப் புலியை விலங்குக் காட்சி நடத்தும் நிறுவனம் ஒன்று 300 பவுனுக்கு வாங்கி, பிள்ளையை விழுங்கிய புலி என்று விளம்பரப்படுத்திக் காட்டிப் பெரும் பணம் சேர்த்ததாக ஜாம்ராக்கே பின்னர் எழுதினார். சிறுவன் கை நீட்டிய அந்தக் கணம் இன்று டொபாக்கோ டாக் என்ற பழைய சரக்குக் கிடங்கின் வாயிலில் வெண்கலச் சிலையாக நிற்கிறது. ஆபத்து வெளிப்பட்டதும் அவ்விலங்கின் கவர்ச்சி குறையவில்லை, கூடியது என்பதே இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்க செய்தி.

வீட்டினர் வாங்கியதற்குச் சான்று தேடினால், ஓவியரும் கவிஞருமான டான்டே கேப்ரியல் ரோசெட்டியின் வீடு முதலில் வந்து நிற்கும். மனைவி இறந்த 1862ஆம் ஆண்டில், செல்சி பகுதியில் தேம்ஸ் கரையோரமாகச் செய்ன் வாக் தெருவின் 16ஆம் எண் வீட்டில் அவர் குடியேறினார். அதன் பின்புறம் இருந்த பெரிய தோட்டம் சில ஆண்டுகளிலேயே மயில்களும் ஆர்மடில்லோக்களும், அதாவது உடலெங்கும் எலும்புத் தகடு போர்த்த தென்னமெரிக்க விலங்குகளும், நிறைந்த இடமாயிற்று. திமிலுள்ள இந்திய மாடு ஒன்றையும் அவர் வாங்கிவந்தார். அது கட்டுத்தறியிலிருந்து விடுவித்துக்கொண்டு அவரையே தோட்டத்தைச் சுற்றித் துரத்தியதாக நண்பர்கள் சொல்லிவந்தனர். மாட்டின் குணம் கெட்டதென்று அவர்கள் சிரித்தார்கள். ஆனால் மந்தையோடும் மேய்ச்சலோடும் வாழும் ஒரு காளையை ஆள் பழக்கமில்லாத ஓரிடத்தில் தனியே கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை நம் கிராமங்களில் பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும்.

ரோசெட்டி மிகவும் நேசித்தது வாம்பட் என்ற விலங்கை. ஆஸ்திரேலியாவில் மண்ணுக்குள் நீண்ட வளை தோண்டி வாழும், குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும் இவ்விலங்கு 1869 செப்டம்பரில் வந்தபோது, அவர் ஸ்காட்லாந்தில் இருந்தார்; தம்பியின் கடிதங்கள் வழியே அதன் செய்திகளைக் கேட்டுக் காண ஏங்கினார். நண்பர் வில்லியம் மாரிஸின் செல்லப் பெயரை ஒட்டி அதற்கு டாப் என்று பெயரிட்டார். நவம்பர் 6ஆம் நாள் டாப் இறந்தது. கைக்குட்டையால் முகம் பொத்தி அதன் கல்லறையருகே தாம் அழுவதாக அவர் வரைந்த படம் வேடிக்கைபோலத் தோன்றினாலும் அந்த அழுகை பொய்யன்று. அன்பில் அவருக்குக் குறையே இருந்ததில்லை. வளை தோண்டும் நிலமும் அவ்விலங்கின் நோய் அறிந்த மருத்துவரும்தான் இல்லை. இறந்த டாப்பைப் பாடம் செய்து, அதாவது தோலுக்குள் பொதிவைத்து உருக்குலையாமல் காத்து, முன்கூடத்தில் நிறுத்திவைத்தார். அவருடைய மயில்களின் அகவல் அண்டை வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்ததால், அத்தெருவின் நிலவுடைமையாளரான கடோகன் பிரபுவின் குத்தகைப் பத்திரங்களில் மயில் வளர்க்கக் கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் இவ்வணிகம் துறைமுகத் தெருவிலிருந்து உயர்தரப் பல்பொருள் அங்காடிக்கு இடம் மாறியது. ஹாரட்ஸ் அங்காடி 1917இல் திறந்த விலங்குப் பிரிவு 2014வரை நடந்தது. 1969 இறுதியில் அங்கே கூண்டில் இருந்த சிங்கக் குட்டி ஒன்றை, ஜான் ரெண்டால், ஏஸ் போர்க் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் இருவர் 250 கினி கொடுத்து வாங்கினார்கள். கினி என்பது 21 ஷில்லிங் கொண்ட பழைய கணக்கு, ஆகவே தொகை ஏறத்தாழ 262 பவுன். கிறிஸ்டியன் என்ற அக்குட்டி, செல்சியின் கிங்ஸ் ரோட்டில் மரச்சாமான் கடையொன்றின் கீழ்த்தளத்தில் வளர்ந்தது. ஓடி விளையாட மொராவியத் திருச்சபையின் மதில் சூழ்ந்த இடுகாட்டுத் தோட்டம் கிடைத்தது. வாங்கும்போது சுமார் 16 கிலோ இருந்த குட்டி ஒரு வயதில் 80 கிலோவைத் தாண்டியது. கடையில் பார்ப்பவர் விலங்கின் மிகச் சிறிய அளவைப் பார்த்து வாங்குகிறார், வீடோ அதன் முழு அளவைத் தாங்க வேண்டியிருக்கிறது; இவ்வணிகம் நெடுங்காலம் பிழைத்தது இந்த இடைவெளியில்தான். கிறிஸ்டியனுக்கு வாய்த்த நற்பேறு பலவற்றுக்கு வாய்க்கவில்லை: அந்த மரச்சாமான் கடைக்குத் தற்செயலாக வந்த நடிகர் பில் டிராவர்ஸின் முயற்சியால் அது 1970இல் கென்யாவின் கோரா பகுதிக்கு, வனவிலங்குப் பாதுகாவலர் ஜார்ஜ் ஆடம்சனிடம் அனுப்பப்பட்டுக் காட்டு வாழ்வுக்குப் பழக்கப்பட்டது.

சட்டம் தாமதமாகவே வந்தது. இந்தியா 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 1976இல் ஆபத்தான வனவிலங்குகள் சட்டத்தை நிறைவேற்றி, சிங்கம், புலி, கரடி போன்றவற்றை வீட்டில் வைத்திருப்போர் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் பெற வேண்டும், கால்நடை மருத்துவர் இடத்தைச் சோதிக்க வேண்டும், பிறருக்கு நேரும் கேட்டுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று வகுத்தது. அதுவரை வாங்குபவரின் பணத்தை மட்டும் கேட்ட நகரம், அப்போதுதான் விலங்கின் இருப்பிடத்தைக் கேட்டது. ஆனால் உரிமம் பெற முடியாதவர் விலங்கை என்ன செய்வது என்பதற்கு விடை அதில் தெளிவாக இல்லை; அயல் விலங்கை வெளியே அவிழ்த்துவிடுவது 1981ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை குற்றமாகவும் இல்லை. சிலர் இருட்டோடு இருட்டாகக் காட்டுப்புறத்தில் விட்டுவிட்டார்கள் என்று பரவலாக நம்பப்பட்டது.

1980இல் ஸ்காட்லாந்தின் கானிக் என்ற ஊரருகே உழவர் ஒருவர் வைத்த கூண்டுப் பொறியில் பூமா, அதாவது அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த பெரும்பூனை, ஒன்று சிக்கியது. விலங்குப் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது அது சீறவில்லை. மனிதர் கிச்சுகிச்சு மூட்டினால் மகிழ்ந்தது. நெடுநாள் மனிதரோடு வாழ்ந்த விலங்கு என்று பூங்காவினர் முடிவு செய்தார்கள். ஃபெலிசிட்டி என்று பெயரிடப்பட்ட அந்தப் பூமாவைத் தேடி எந்த வீட்டிலிருந்தும் எவரும் வரவில்லை. அது இறந்த பிறகு, ரோசெட்டியின் டாப்பைப் போலவே பாடம் செய்யப்பட்டு, இன்வர்னெஸ் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டது.