நூலகத்தை உரிமையாக்கியவர்

சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார் கணிதப் பேராசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்தபோது, வாசகரற்ற தனிமை அவரை வருத்தியது. கல்லூரிக்கே மீள விழைந்தார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர், அங்குப் பொதுநூலகங்கள் எல்லார்க்கும் பயன்படுவது கண்டு மனம் மாறினார். நூல்கள் பயன்படுவதற்கே என்பதை, 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தார்.

ஆயினும், கொடையாளர் கருணையை மட்டும் நம்பும் நூலகம் நிலைபெறுமோ? அவர்தம் இடையறா முயற்சியால் 1948-இல் பிறந்த சென்னைப் பொதுநூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியையும் இணைத்தது.

1972-இல் பெங்களூரில் அவர் மறைந்தார். சிற்றூர்க் கிளைநூலகத்தில் ஏழைச் சிறுவன் அமர்ந்து படிப்பது எவர் தயவாலும் அன்று. ஊரார் செலுத்தும் வரி தந்த உரிமையால். அவ்வுரிமையே அவர் விட்டுச்சென்ற செல்வம்.