நாட்டார் கதை வகைகள்

ஆக்கியவர் பெயர் தெரியாமல் வாய்வழியாகப் பரவி, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஏற்ப உருமாறி வரும் உரைநடைக் கதைகள் நாட்டார் கதைகள் எனப்படும். நாட்டுப்புறக் கதை, வாய்மொழிக் கதை என்றும் இவற்றைச் சொல்வதுண்டு. வாய்மொழி உரைநடையை மூன்றாகப் பகுக்கும் முறையை அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம் 1965இல் தெளிவுபடுத்தினார். உலகமும் உயிர்களும் தோன்றிய காலத்தைப் பற்றியது தொன்மம். சொல்பவர்கள் அதைப் புனித உண்மையாகக் கொள்வர். குறிப்பிட்ட ஊரிலோ குறிப்பிட்ட மனிதருக்கோ நடந்ததாக நம்பப்படுவது பழமரபுக் கதை. கற்பனை என்று தெரிந்தே சொல்லிக் கேட்பது, குறுகிய பொருளில், நாட்டார் கதை. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்ற தொடக்கத்தில் ஊருக்கும் பேரில்லை, ராஜாவுக்கும் பேரில்லை.

பழஞ்சான்றுகள்

கதைகளை வகைப்படுத்தும் எண்ணம் தமிழில் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காகப் பகுக்கிறது. அவற்றுள் இரண்டு, பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழியும் பொருளோடு பொருந்திய நகைமொழியும். பொய்ம்மொழிக்கு யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதையைச் சான்று காட்டும் உரையாசிரியர் பேராசிரியர், இத்தகையவை ஒருவரிடம் ஒருவர் கற்று வழிவழியாக வருபவை என்கிறார். வாய்மொழி மரபின் அடிப்படை இயல்பு இந்த விளக்கத்திலேயே இருக்கிறது.

இந்தியக் கதைகள் எழுத்திலும் வெகுதூரம் சென்றன. பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பகலவி மொழிக்கும், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பாவால் அரபிக்கும் பெயர்ந்து, அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது. குழந்தையைக் காப்பாற்றப் பாம்பைக் கொன்ற கீரியை, அதன் வாயிலிருந்த இரத்தத்தைக் கண்டு தவறாக எண்ணித் தாய் கொன்றுவிடும் கதை அதிலுள்ள ஒன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் கீரியைக் கொன்ற பார்ப்பனி வருகிறாள். அவளது பழி நீங்கப் பொருள் கொடுத்து, பிரிந்த கணவனோடு அவளைச் சேர்த்துவைக்கிறான் கோவலன்.

இதே கதை வேல்ஸ் நாட்டில் லெவலின் இளவரசனின் வேட்டைநாயைப் பற்றிய பழமரபுக் கதையாக நிற்கிறது. அங்கே பெத்கெலர்ட் என்ற ஊரில் நாயின் கல்லறையையும் காட்டுகிறார்கள். பிரான்சில் லியோன் பகுதி மக்கள், குழந்தையைக் காத்த கினெஃபோர் என்ற நாயைப் புனிதராகவே வணங்கினர். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி எத்தியேன் த பூர்போன் அதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். கதை மாறவில்லை, அதன் மேல் வைத்த நம்பிக்கை மாறியது, அதனால் வகையும் மாறியது.

தொகுப்பும் எண்ணும்

யாக்கோப், வில்கெல்ம் கிரிம் சகோதரர்கள் ஜெர்மன் கதைத் தொகுப்பின் முதல் பாகத்தை 1812இல் வெளியிட்டனர். தொலைதூர நாடுகளில் ஒரே கதை எப்படி வந்தது என்ற கேள்வி இத்தகைய தொகுப்புகளால் வலுத்தது. 1859இல் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்த தெயோடோர் பென்ஃபை, ஐரோப்பிய அற்புதக் கதைகள் பெரும்பாலும் இந்தியாவில் பிறந்தவை என வாதிட்டார். தமிழ்நாட்டில் பண்டித எஸ். எம். நடேச சாஸ்திரி 1884 முதல் தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

ஊகத்தை விடுத்து ஒப்பிட, பட்டியல் தேவைப்பட்டது. பின்லாந்தின் அன்டி ஆர்னே 1910இல் கதைகளுக்கு வகை எண் இட்டார். அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் அதை 1928இலும் 1961இலும் விரிவாக்கினார். ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004இல் மூன்று தொகுதிகளாகத் திருத்தியமைத்தார். மூவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளால் ‘ஏ.டி.யு.’ எனப்படும் இப்பட்டியலின் பிரிவுகள்:

- 1–299: விலங்குக் கதைகள். வடையைக் கவ்விய காக்கையை நரி ஏமாற்றுவது எண் 57. கீரிக் கதை 178ஏ.
- 300–749: மந்திர, அற்புதக் கதைகள்.
- 750–849: சமயக் கதைகள்.
- 850–999: நடப்பியல் கதைகள்.
- 1000–1199: ஏமாறும் அரக்கன் கதைகள்.
- 1200–1999: நகைச்சுவைக் கதைகள். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு ஆள் குறைவதாக அழுவது 1287. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும் சீடர்களும் ஆற்றைக் கடந்தபின் செய்வது இதுதான்.
- 2000–2399: வாய்பாட்டுக் கதைகள். பெயர் மறந்த ஈ கன்று, பசு, இடையன் என ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போகும் தமிழ்க் கதை இவ்வினம்.

பொதுக்கூறுகள்

டென்மார்க்கின் அக்செல் ஓல்ரிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாய்மொழிக் கதையின் விதிகளைத் தொகுத்தார். செயல்கள் மும்முறை நிகழும். ஒரு காட்சியில் பெரும்பாலும் இருவரே பேசுவர். நல்லவரும் கெட்டவரும் எதிரெதிரே நிற்பர். கதை ஒற்றை இழையாகச் செல்லும். கேட்பவர் பின்னோக்கிப் புரட்டிப் பார்க்க முடியாத கலைக்கு இவை நினைவுக்கான துணைகள்.

ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் நூறு அற்புதக் கதைகளை ஆராய்ந்தார். அரக்கன், சூனியக்காரி என ஆட்கள் மாறினாலும் அவர்கள் செய்யும் செயல்கள் 31க்குள் அடங்குகின்றன, அவற்றின் வரிசையும் மாறுவதில்லை என்றார். வீட்டை விட்டுப் புறப்படுதல், மந்திரப் பொருள் பெறுதல், பகைவனை வெல்லுதல், திருமணம் ஆகியவை அவற்றுள் சில.

வரம்புகள்

தாம்சனும் வாரன் ராபர்ட்ஸும் 1960இல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கைக் கதைகளுக்குத் தனிப் பட்டியல் தந்தனர். ஆனாலும் ஐரோப்பியக் கதைகளை வைத்து வரைந்த சட்டகத்தில் எல்லாம் அடங்கவில்லை. தாம்சன் கதைக்கூறுகளுக்கெனத் தனியே தொகுத்த அடைவில் பாலியல் நகைச்சுவைக்கு இடம் ஒதுக்கியும் அதை நிரப்பாமல் விட்டார். கி. ராஜநாராயணன் அத்தகைய கரிசல் கதைகளை ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்ற தலைப்பிலேயே அச்சேற்றினார்.

ஏ. கே. ராமானுஜன், பெண்கள் சொல்லும் கதைகளை ஆய்ந்து, நாயகனின் திருமணத்தோடு முடியும் கதைக்கும் நாயகியின் துன்பம் திருமணத்துக்குப் பின் தொடங்கும் கதைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினார். தமிழ்நாட்டில் கதைகளைப் பதிவுசெய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 2001இல் வெளியிட்ட நூலில், இக்கதைகளின் மையம் அற்புதம் அல்ல, அறமே என்றார். கொடுமை செய்தவர் தண்டனை பெறுவதில்தான் அவை பெரிதும் முடிகின்றன. வகை எண் ஒரு கதையின் உறவுக் கதைகளைத் தேட உதவுகிறது. அக்கதை ஓர் ஊரில் என்ன பொருள் தருகிறது என்பதை அறியச் சொல்பவர், கேட்பவர், சூழல் ஆகியவற்றையும் இன்றைய ஆய்வு பதிவுசெய்கிறது.