வரிக்குப் பதிலாக அபின்

போதைக்கு அடிமையானவனைப் பற்றிய பேச்சை அவனது மன உறுதியிலிருந்து தொடங்கியே நாம் பழகிவிட்டோம். அப்பொருளை அவன் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த கணக்கேட்டை யாரும் புரட்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் அந்த ஏடு அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்காகவே இருந்தது.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கால்பதித்தபோது, துறைமுகத்தைச் சுங்கவரியற்றதாக ஆக்கியது. கப்பல்கள் குவிந்தன. ஆனால் சுங்கம் இல்லாத ஊரில் காவலருக்கும் எழுத்தருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? முதல் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் ஃபர்க்கார் 1820இல் ஒரு வழி கண்டார்: அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமையைக் குத்தகைக்கு விடுவது. நம் ஊர்ச் சாராயக்கடை ஏலத்தை அறிந்தவர்களுக்கு இம்முறையை விளக்கத் தேவையில்லை. சூதாட்டக் குத்தகை சில ஆண்டுகளில் ஒழிக்கப்பட்டது. அபின் குத்தகை 1910 வரை நீடித்தது. அந்நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசு வருவாயில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்தே வந்திருக்கிறது.

அப்பாதியைக் கொடுத்தவன் சீனக் கூலி. கப்பல் கட்டணத்தைக் கடனாகப் பெற்று, ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவன். மிளகுத் தோட்டத்திலும், தோல் பதனிடப் பயன்படும் காம்பியர் தோட்டத்திலும் காடழித்தான். காய்ச்சலுக்கும் சீதபேதிக்கும் உடல்வலிக்கும் அவனுக்கு எட்டிய மருந்து அபின் ஒன்றே. அது உண்மையிலேயே வலியைத் தணித்தது, பேதியை நிறுத்தியது. இதை மறந்துவிட்டு அவனுடைய பலவீனத்தைப் பேசுவது எளிது. வைத்தியரற்ற காட்டில், மறுநாளும் மண்வெட்டியைத் தூக்கியாக வேண்டியவன் வேறு எதைத் தேடியிருப்பான்?

கார்ல் ட்ராக்கி 1990இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதன் பொருளாதாரத்தை விரிவாகக் காட்டுகிறது. தோட்டத்துக்கு முதலீடு செய்த சீன முதலாளிகளே அபின் குத்தகையிலும் பங்குகொண்டார்கள். புகைப்பதற்காகக் காய்ச்சிய சண்டுவைக் கூலிக்குக் கடனாகக் கொடுத்தால், கொடுத்த கூலி திரும்பிவரும். கடன் தீராதவன் ஊர் திரும்பவும் மாட்டான். கச்சா அபினின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. பீகார்ப் பக்கத்து விவசாயி முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, சாகுபடிச் செலவுக்கே கட்டுபடியாகாத விலைக்குக் கசகசாச் செடியைப் பயிரிட்டான் என்கிறார் 2019இல் நூல் எழுதிய ரோல்ஃப் பவர். விதைத்தவனும் புகைத்தவனும் கடனாளிகள். இடையில் கம்பெனியும் குத்தகைதாரரும்.

1880இல் சிங்கப்பூருக்கு ரிக்‌ஷா வந்தது. நாளெல்லாம் வெயிலில் இழுத்து ஓடியவன் இரவில் நெருக்கியடித்த கூலி விடுதியில் சண்டுக் குழாயைத் தேடினான். ஜேம்ஸ் வாரன் என்ற வரலாற்றாசிரியர் பிரேத விசாரணை ஆவணங்களைக் கொண்டே இந்த இழுவையாட்களின் வாழ்வை எழுதினார். அவர்களைப் பற்றி அரசாங்கம் அக்கறையோடு எழுதிவைத்தது அவர்கள் செத்த பிறகுதான் போலும்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. ராபர்ட் லிட்டில் என்ற மருத்துவர் 1848இலேயே அபின் பழக்கத்தைக் கண்டித்து எழுதினார். 1906இல் லிம் பூன் கெங் முதலிய சீன மருத்துவர்கள் அபின் எதிர்ப்புச் சங்கத்தில் முன்னின்றார்கள். 1907இல் ஆணையம் அமைக்கப்பட்டது. அது அபினின் தீமைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று கண்டது! 1910இல் அரசாங்கமே சண்டு காய்ச்சி விற்கத் தொடங்கியது. அதையொட்டி வந்த வருமான வரி மசோதாவை வணிகர்கள் எதிர்த்துத் திரும்பப்பெற வைத்தார்கள். போரை ஒட்டி வந்துபோன வரியைத் தவிர்த்தால், வருமான வரிச் சட்டம் நிலைபெற்றது 1947இல். அபின் முழுமையாகத் தடை செய்யப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டு, 1946இல். செல்வந்தர் கட்டாத வரியைக் கூலி தன் குழாயில் வைத்துப் புகைத்துக் கட்டினான் என்பதற்கு இவ்விரு ஆண்டுகளை விடத் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கப்போவதில்லை.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நம்மவர்க்கு வாய்த்தது கள். கடாரம் வென்ற கதையை மேடைதோறும் பேசும் நாம் இதை அதிகம் பேசுவதில்லை. உரிமம் பெற்ற கள்ளுக்கடை தோட்டத்துக்கு உள்ளேயே இருந்தது. வேலை முடிந்தவனின் காலடியிலேயே கடை. சம்பளப் பணம் தோட்ட எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை.

இதைத் தொழிலாளர்களே நன்கறிந்திருந்தார்கள். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், சீனத் தொழிலாளிக்கு இணையான ஊதியம் வேண்டும் என்பதோடு, வெள்ளைக்கார மேலாளர் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வரவழைக்கப்பட்டுத் துப்பாக்கிச்சூடு நடந்தது. போர் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத்து இளைஞர்கள் மீண்டும் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947இல் அவர்களை அடக்கக் காவல்துறை வந்தது. கடைகள் திறந்தே இருந்தன.