காட்சிக்கும் கருத்துக்கும் நடுவே: கிரேக்கர் கண்ட கற்பனை

பொய் எங்கிருந்து வருகிறது? கண்ணிலிருந்தா, மனத்திலிருந்தா? கிரேக்க ஞானிகள் இதைச் சும்மா பொழுதுபோக்காகக் கேட்கவில்லை. அவனவனுக்குத் தோன்றுவதே அவனவனுக்கு மெய் என்று புரோட்டகோரஸ் சொல்லி வைத்தார். அதை ஒத்துக்கொண்டால் யாரையும் 'நீ சொல்வது தப்பு' என்று சொல்லவே வழியில்லை. வாதம், நீதி, கல்வி எல்லாம் போச்சு!

பிளாட்டோ (கி.மு. 427–347) 'சோஃபிஸ்ட்' என்னும் உரையாடலில் இதற்கு விடை தேடினார். நமக்கு ஒன்று தோன்றுவதை அவர்கள் 'ஃபான்டாசியா' என்பார்கள். அது புலனறிவும் அபிப்பிராயமும் சேர்ந்த கலவை என்றார் அவர்.

அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) இதை ஏற்கவில்லை. 'ஆன்மாவைப் பற்றி' என்ற நூலில் அவர் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள். சூரியன் ஓர் அடி அகலமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் மனிதர் வாழும் உலகத்தைவிட அது பெரிது என்றே நம்புகிறோம். தோற்றம் ஒரு பக்கம், நம்பிக்கை எதிர்ப்பக்கம். பிறகு எப்படிக் கலவையாகும்? ஆகவே ஃபான்டாசியா என்பது தனி. புலன் வேலை செய்வதால் உள்ளே எழுகின்ற ஓர் அசைவு அது. கண் தனக்குரிய நிறத்தைக் காண்பதில் அநேகமாகத் தவறுவதில்லை. தோற்றங்களோ பெரும்பாலும் பொய் என்கிறார்.

அப்படியானால் கற்பனையைத் தள்ளிவிடலாமா? முடியாது. மனத்தில் ஓர் உருவம் இல்லாமல் ஆன்மா சிந்திப்பதே இல்லை என்பதும் அவர் கருத்துதான். முக்கோணத்தைப் பற்றி யோசிப்பவன் ஏதோ ஓர் அளவில் ஒன்றை வரைந்துகொள்கிறான்; அந்த அளவைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு காவல் எங்கே? அதைச் சொன்னவர் ஸ்டோயிக் நெறியைத் தொடங்கிய ஜீனோ. இவர் சைப்ரஸ் தீவுக்காரர். சரக்கேற்றி வந்த கப்பல் உடைந்து ஏதென்ஸ் சேர்ந்த வணிகர் என்று டையோஜெனீஸ் லெயர்ட்டியஸ் எழுதியுள்ளார். தோற்றம் தானாக வரும், அதற்குச் சம்மதம் கொடுப்பது நம் கையில் என்பது ஜீனோவின் போதனை. வியாபாரிகளுக்கு இது உடனே விளங்கும். மாதிரியைக் கண்டதும் மனம் ஆசைப்படும். கையெழுத்துப் போடுவது நாம்தானே!

இந்த நெறியைச் சேர்ந்த ஸ்ஃபேரஸ் என்பவரைச் சோதிக்க, எகிப்து மன்னர் தாலமி மெழுகு மாதுளம்பழங்களை வைத்தாராம். அவர் ஏமாந்ததும், பொய்த் தோற்றத்துக்குச் சம்மதித்துவிட்டீரே என்று மன்னர் கூவினார். "மாதுளை என்று சம்மதிக்கவில்லை, மாதுளையாக இருப்பது நியாயம் என்றுதான் சம்மதித்தேன்" என்ற பொருளில் பதில் சொன்னார் ஸ்ஃபேரஸ். சமாளிப்புப் போலத் தெரியலாம். ஆனால் 'தோன்றுகிறது' என்பதற்கும் 'அதுதான்' என்பதற்கும் நடுவே சற்று நிற்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி.